திங்கட்கிழமைத் தலையிடி

திங்கட்கிழமை வேலைக்குப் போய்க் கொஞ்ச நேரத்திலேயே தலை வெடிக்கிற மாதிரி இடிக்கும். முகம் சிவக்கும், காதுக்குள் நாடித் துடிப்புக் கேட்கும். செவ்வாய் கொஞ்சம் குறையும். புதன், வியாழன் வரேக்க ஒன்றுமே இராது. வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போய், சனி ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பினால் திங்கள் மறுபடியும் அதே இடி. விரிவுரைக்குப் போக மனமில்லாத எங்கட கதை இல்லை இது. டைனமைற்றும் கோர்டைட்டும் செய்த தொழிற்சாலைகளில் நைத்திரோகிளிசரினோடு புழங்கிய தொழிலாளர்களின் கதை. 'திங்கட்கிழமை வருத்தம்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. சிலர் மாற்று வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை போகும்போது தொப்பியின் உள்பட்டியில் கொஞ்சம் நைத்திரோகிளிசரினைத் தடவிக்கொண்டு போவார்கள். அது தோலால் ஊறிக்கொண்டே இருக்கும், உடம்பு பழக்கத்தை விடாது, திங்கள் தலையிடி வராது.

இந்தத் தலையிடி ஏன் வருகிறது என்பதற்கு 1970களில்தான் ஒழுங்கான பதில் கிடைத்தது. ஏன் நடுவாரத்தில் காணாமல் போகிறது என்பதற்கு 2000க்குப் பிறகுதான் பதில் வரத் தொடங்கியது. அந்தப் பதில் எங்கள் இரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் புரதங்களில் நடக்கிற ஒரு மிகச் சின்ன மாற்றம் பற்றியது.

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆள். ஓ.எல். விஞ்ஞானத்தோட இரசாயனத்துக்குக் கும்பிடு போட்டாச்சு. பிறகு ஏன் இந்த வேலை எண்டு கேட்டா, கட்டுக்கரைப் பக்கம் எங்கட ஊர்களில் எத்தனையோ வீடுகளில் வயசுபோன ஆக்களின் மடியிலோ சட்டைப் பையிலோ ஒரு சின்ன மண்ணிறப் போத்தல் இருக்கும். நெஞ்சு இறுக்கினால் அதிலிருந்து ஒரு குளிசை எடுத்து நாக்குக்குக் கீழே வைப்பார்கள். சின்ன எழுத்தில் கிளிசரில் ட்ரைநைற்றேட் என்று போட்டிருக்கும். தொழிற்சாலைக்காரனின் தலையை இடித்த அதே நைத்திரோகிளிசரின்தான். பாறை உடைக்கிற வெடிமருந்து எப்படி நெஞ்சுவலி மருந்தாச்சு என்பது வரலாற்றுக் கேள்விதானே?

கதையின் பழைய நுனி சீனாவில் இருக்கிறது. துன்ஹுவாங் குகைகளில் 1900இல் கண்டெடுக்கப்பட்ட சுவடிகளில் ஒரு மருத்துவக் குறிப்பு உண்டு. எட்டாம் நூற்றாண்டளவில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. நெஞ்சுவலி வந்து கைகால் குளிர்ந்துபோனவருக்கு வெடியுப்பை நாக்குக்குக் கீழே வைத்து, ஊறுகிற எச்சிலை விழுங்கச் சொல்கிறது. வெடியுப்பு என்பது பொற்றாசியம் நைத்திரேற்று. எங்கள் சித்த வைத்தியத்திலும் அதற்கு இடம் உண்டு. வெடியுப்புச் சுண்ணம் சிறுநீர் கட்டினால் கொடுக்கிற மருந்து. அதே உப்போடு கந்தகத்தையும் கரியையும் சேர்த்து அரைத்தால் துப்பாக்கி மருந்து.

இலங்கையில் இந்த உப்பு எங்கே கிடைத்தது என்று தேடினால் ஒரு சுவாரசியமான மனிதர் வருவார். ஜோன் டேவி. 1816 முதல் 1820 வரை இங்கே இராணுவ வைத்தியராக இருந்தவர். 1821இல் இலங்கையின் உட்பகுதி பற்றி அவர் எழுதி வெளியிட்ட புத்தகத்தை எங்கள் துறையில் கண்டி இராச்சியம் படிக்கிற எவரும் புரட்டாமல் இருக்க ஏலாது. அதில் மீமுரைப் பக்கத்து வெடியுப்புக் குகையைப் பற்றி எழுதியிருக்கிறார். வௌவால்கள் குடியிருக்கும் குகை. அதன் கல்லையும் மண்ணையும் இடித்து, விறகுச் சாம்பல் சேர்த்து, தண்ணீரில் கரைத்து வடித்து, காய்ச்சி உப்பை எடுக்கிற சனம். கண்டி அரசனின் துப்பாக்கிகளுக்குப் போன உப்பு அது. இன்றைக்கும் நக்கிள்ஸ் மலைப்பக்கம் 'நைற்றர் கேவ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ஜோன் டேவியின் தமையன்தான் ஹம்ப்ரி டேவி, இரசாயனப் புத்தகங்களில் வருகிற அதே டேவி. இங்கிலாந்தின் பிரிஸ்டலில், இருபத்தொரு வயசுப் பெடியனாக, வாயுக்களைத் தானே சுவாசித்துப் பார்க்கிற பைத்தியக்கார ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சிரிப்பு வாயுவை அவர் சுவாசித்த கதை எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது, அவர் நைத்திரிக் ஒட்சைட்டையும் இழுத்துப் பார்த்தது. ஒரு நைதரசன் அணு, ஒரு ஒட்சிசன் அணு, அவ்வளவுதான் அந்த மூலக்கூறு. 1772இல் பிரிஸ்ட்லி அதை ஆராய்ந்து எழுதியிருந்தார். டேவி வாயைத் திறந்ததும் உள்ளே இருந்த வாயு காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து, ஈரத்தில் அமிலமாகி, நாக்கையும் அண்ணத்தையும் பொசுக்கியது. இனி இந்த விளையாட்டு வேண்டாம் என்று 1800இல் வெளியிட்ட தன் புத்தகத்திலேயே எழுதிவிட்டார்.

தம்பி இலங்கைக் குகையில் பார்த்த உப்பு, தமையனின் வாயைப் பொசுக்கிய வாயு. இரண்டும் ஒரே நைதரசன் குடும்பம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும். அந்த வாயுவை ஒவ்வொரு மனிதனின் இரத்தக் குழாயும் நிமிடத்துக்கு நிமிடம் தானே தயாரிக்கிறது என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 1980கள் வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சிரித்திருப்பார்கள். நைத்திரிக் ஒட்சைட்டு என்றால் வாகனப் புகை, நச்சு, அமில மழை. அவ்வளவுதான்.

1847இல் தூரின் நகரத்தில் அஸ்கானியோ சொப்ரேரோ கிளிசரினையும் அமிலங்களையும் சேர்த்து நைத்திரோகிளிசரினைச் செய்தார். அந்தக் காலத்து வழக்கப்படி நாக்கில் கொஞ்சம் தொட்டும் பார்த்தார். கடுமையான தலையிடி. முதல் 'திங்கட்கிழமை' அவருடையது என்றே சொல்லலாம். 1867இல் எடின்பரோவில் லோடர் பிரண்டன் என்ற இளம் வைத்தியர் அமைல் நைத்திரைற்று என்ற வேறொரு பொருளை முகரக் கொடுத்து நெஞ்சுவலியை நிற்பாட்டிக் காட்டினார். 1879இல் லண்டனில் வில்லியம் முரெல் நைத்திரோகிளிசரினைத் தானே சாப்பிட்டுப் பார்த்து, தலையிடியை அனுபவித்து, பிறகு நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுத்து எழுதினார். இதற்கிடையில் அல்ஃபிரட் நோபல் அதே திரவத்தைக் களிமண் மாதிரியான பொருளில் ஊறவைத்து டைனமைற்று ஆக்கிப் பணக்காரராகியிருந்தார். 1864இல் தன் தம்பி எமிலை நைத்திரோகிளிசரின் வெடிப்பிலேயே இழந்தவர் அவர். 1896இல், சாவதற்குக் கொஞ்ச நாள் முன், நோபலுக்கே இருதய வருத்தத்துக்கு நைத்திரோகிளிசரின் எழுதிக் கொடுத்தார்கள். விதியின் பகிடி என்று அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். மருந்துக்கடைக்காரரும் சனமும் பயப்படாமல் இருக்க அதற்கு 'ட்ரைநைற்றின்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பதையும் நக்கலாகச் சொல்லியிருக்கிறார்.

நோபலின் கதையோடு பலர் நிற்பாட்டிவிடுவார்கள். எனக்கு அவருடைய தொழிற்சாலைக்குள் நின்ற ஆக்கள்தான் முக்கியம். ஸ்கொட்லாந்தின் ஆர்டீரில் 1870களில் தொடங்கிய அவருடைய தொழிற்சாலையில், வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு ஒற்றைக்கால் முக்காலி கொடுத்திருந்தார்கள். முக்காலிக்கு ஒற்றைக்கால் எண்டால் அது முக்காலியா எண்டு கேட்காதேங்கோ. தூங்கி விழுந்தால் ஆளே கீழே விழுந்து முழிக்கவேண்டும் என்பதுதான் யோசனை. சூடு ஏறினால் முழுக் கட்டடமும் போய்விடும்.

தமிழ் மண்ணிலும் இந்த வேலை நடந்தது. நீலகிரியில் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில், மலை ரயில் நிற்கிற ஒரு சின்ன ஊர் அருவங்காடு. 1904இல் பிரித்தானிய அரசு அங்கே கோர்டைட் தொழிற்சாலையை நிறுவியது. அதற்கு மின்சாரம் எடுக்கக் காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். இந்தியாவின் மிகப் பழைய நீர்மின் முயற்சிகளில் ஒன்று. கோர்டைட்டு என்பது துப்பாக்கிக் குண்டைத் தள்ளுகிற புகையில்லா மருந்து, கயிறு மாதிரி இழுத்து எடுப்பதால் அந்தப் பெயர். 1889இல் ஆபெலும் டூவரும் உருவாக்கிய முதல் கலவையில் நூற்றுக்கு 58 பங்கு நைத்திரோகிளிசரின், 37 பங்கு வெடிப்பஞ்சு, 5 பங்கு வஸ்லீன். பிறகு வந்த கலவையில் நைத்திரோகிளிசரின் 30 ஆகக் குறைந்தது. இரண்டு உலகப் போர்களிலும் பிரித்தானிய இந்தியப் படைகளுக்கு இங்கிருந்து மருந்து போனது. தொழிற்சாலை இன்றைக்கும் இயங்குகிறது. மலையகத்திலிருந்து கப்பலேறிப் போன எங்கட சனம் பிறகு தேயிலைக் கொழுந்து பறிக்கக் குடியேறியதும் இதே நீலகிரியில்தான், அது வேறொரு கட்டுரைக்குரிய கதை.

தலையிடியை விடப் பெரிய பிரச்சினை ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்தது. நைத்திரோகிளிசரின் தொழிலாளர்களில் சிலருக்கு வேலையில் நிற்கும்போது ஒன்றும் இல்லை, வேலையை விட்டு ஒன்றிரண்டு நாள் விலகினால் நெஞ்சுவலி வந்தது. சிலர் திடீரென்று செத்தும் போனார்கள். 1972இல் அமெரிக்க வைத்தியர்கள் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையின் ஆட்களைப் பரிசோதித்து எழுதிய அறிக்கை முக்கியமானது. அவர்களின் இருதய நாடிகளில் கொழுப்படைப்பு இல்லை. குழாய் சுத்தமாக இருந்தும் நெஞ்சுவலி. ஒருவருக்குப் பரிசோதனை நடக்கும்போதே நாடி இறுகிச் சுருங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். நைத்திரோகிளிசரின் கொடுத்தவுடன் அது திரும்ப விரிந்தது. கிழமை முழுக்க வெளியிலிருந்து வந்த இரசாயனம் நாடியைத் திறந்து பிடித்திருந்தது, உடம்பு அதற்கு எதிராகத் தன்னை இறுக்கிப் பழகிக்கொண்டது. ஞாயிறு இரசாயனம் இல்லை, இறுக்கம் மட்டும் மிஞ்சியது.

ஆக, தொழிலாளர்களின் உடம்பு இரண்டு விஷயத்தை எழுதி வைத்திருந்தது. ஒன்று, இந்தப் பொருள் நாடியை விரிக்கிறது. இரண்டு, உடம்பு அதற்குப் பழகிப்போகிறது. ஆய்வுகூடங்கள் இந்த இரண்டையும் வாசிக்க எடுத்த காலந்தான் மிச்சக் கதை.

முதலாவதை 1977இல் அமெரிக்காவில் ஃபெரிட் முராட் வாசித்தார். நைத்திரோகிளிசரின் போன்ற மருந்துகளிலிருந்து வருவது நைத்திரிக் ஒட்சைட்டு, அது தசைக் கலத்துக்குள் இருக்கிற குவானிலைல் சைக்கிளேஸ் என்ற நொதியத்தைத் தட்டி எழுப்புகிறது, தசை தளர்கிறது. டேவியின் வாயைப் பொசுக்கிய வாயு மருந்தாக வேலை செய்கிறது என்பதே பெரிய செய்தி. ஆனால் வெளியிலிருந்து போகிற ஒரு வாயுவுக்கு எங்கள் உடம்பில் ஏன் ஒரு பூட்டும் திறப்பும் ஏற்கெனவே இருக்கவேண்டும்?

1978இல் நியூயோர்க் புரூக்ளினில் ரொபர்ட் ஃபர்ச்கொட்டின் ஆய்வுகூடத்தில் உதவியாளர் ஒருவர் பரிசோதனைப் படிகளை மாற்றிச் செய்துவிட்டார். முயலின் பெருநாடித் துண்டு சுருங்கவேண்டிய இடத்தில் தளர்ந்தது. ஏன் என்று துருவிப் போனபோது தெரிந்தது, நாடியின் உட்பக்கத்தில் ஒற்றைக் கல அடுக்கு ஒன்று இருக்கிறது, அது உரஞ்சுப்படாமல் இருந்தால்தான் தசை தளர்கிறது. 1980இல் கட்டுரை வந்தது. அந்த உள்ளடுக்கு ஏதோ ஒன்றை விடுகிறது, தசை அதற்குக் கீழ்ப்படிகிறது. அந்த ஏதோ ஒன்று நைத்திரிக் ஒட்சைட்டுத்தான் என்று 1987இல் லண்டன் பக்கம் சல்வடோர் மொன்கடாவின் குழுவும், கலிபோர்னியாவில் லூயிஸ் இக்னாரோவின் குழுவும் நிறுவின. 1998இல் மருத்துவ நோபல் ஃபர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் போனது. நோபலை மூன்று பேருக்கு மேல் பகிர்வதில்லை. ஹொண்டுராஸில் பிறந்த மொன்கடா வெளியே நின்றார். அது அநியாயம் என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

கட்டுக்கரைக் குளத்தைத் தெரிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்துத் திருப்பிய தண்ணி குளத்துக்கு வருகிறது. அங்கிருந்து துருசுகளால் வாய்க்கால்களுக்கும் கீழே கிடக்கிற நூற்றுக்கும் மேற்பட்ட சின்னக் குளங்களுக்கும் போகிறது. எந்த வயலுக்கு எப்ப தண்ணி என்பதைக் குளம் தீர்மானிப்பதில்லை. வாய்க்கால் ஓரத்தில் நின்று திறந்து மூடுகிற ஆள் தீர்மானிக்கிறார். நாடியின் உள்ளடுக்கு அந்த ஆள். நைத்திரிக் ஒட்சைட்டு அவர் போடுகிற சத்தம். சில செக்கனில் கரைந்துபோகிற சத்தம். பக்கத்துத் தசைக்கு மட்டுந்தான் கேட்கும். கொழுப்பு, நீரிழிவு, சிகரெட், உயர் இரத்த அழுத்தம் எல்லாம் முதலில் கெடுப்பது இந்த ஆளைத்தான். அவருடைய குரல் அடைத்தால் குழாய் அடைபட முன்னமே ஓட்டம் குறைகிறது.

சத்தம் கரைந்துபோகிறது என்றால் செய்தி எப்படித் தூரத்துக்குப் போகும், எப்படி நிலைக்கும்? இங்கேதான் புரதம் வருகிறது.

நைத்திரிக் ஒட்சைட்டு புரதத்தில் ஒட்டும் என்பது பழைய சங்கதி. 1901இல் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன், வெடியுப்புப் போட்டு உப்பிட்ட இறைச்சி ஏன் சிவப்பாகவே இருக்கிறது என்று தேடி, இரத்தச் சாயமான ஈமோகுளோபினின் இரும்பில் நைத்திரிக் ஒட்சைட்டு ஒட்டியிருப்பதால் என்று காட்டினார். (எங்கட கருவாட்டுக்கு வெறும் கறியுப்புத்தான், அதனால் இந்தச் சிவப்பு வராது.) முராட்டின் நொதியத்திலும் அது ஒட்டுவது இரும்பில்தான். 1992இல் ஜொனதன் ஸ்டாம்லரும் கூட்டாளிகளும் காட்டியது வேறொரு இடம். புரதங்கள் அமினோ அமில மணிகளால் கோத்த மாலை. அதில் சிஸ்டீன் என்ற மணிக்கு மட்டும் கந்தகத்தில் முடிகிற ஒரு கை உண்டு. நைத்திரிக் ஒட்சைட்டு அந்தக் கந்தகத்தில் போய்க் குந்துகிறது. இதற்கு எஸ்-நைத்திரோசைலேற்றம் என்று பெயர். எஸ் என்றால் சல்பர், கந்தகம். வெடியுப்பும் கந்தகமும் துப்பாக்கி மருந்தில் சந்தித்த மாதிரி இங்கேயும் சந்திக்கின்றன, ஆனால் சத்தமில்லாமல்.

ஒட்டினால் என்ன நடக்கும்? புரதத்தின் வடிவம் கொஞ்சம் மாறும். வடிவம் மாறினால் வேலை மாறும். சிலது எழும்பும், சிலது படுக்கும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றுகிற நொதியங்களும் உண்டு. அதே 1992இல் இரத்தத்தில் மிதக்கிற அல்புமின் புரதம் நைத்திரிக் ஒட்சைட்டை இப்படிக் கந்தகத்தில் சுமந்து திரிகிறது என்றும் காட்டினார்கள். அதாவது, சத்தமாகக் கரைந்துபோன செய்தி இப்ப சீட்டில் எழுதிக் கையில் கொடுத்த செய்தி. 1998இல் இருதயத் தசைக்குள் கல்சியத்தைத் திறந்துவிடுகிற ரயனொடின் வாயிலிலும் இந்தச் சீட்டு ஒட்டுகிறது, ஒட்டினால் வாயில் கூடத் திறக்கிறது என்று கண்டார்கள். இருதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் அந்தக் கல்சியத்தில்தான் தங்கியிருக்கிறது. 2001இல் ஜெஃப்ரியும் சினைடரும் ஒட்டிய இடங்களை அடையாளம் காண ஒரு முறையைக் கொண்டுவந்த பிறகு, பட்டியல் ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நீண்டுவிட்டது.

ஒட்டுவது நல்லதா கெட்டதா என்று ஒரு சொல்லில் சொல்ல ஏலாது. சீட்டைக் கழற்றுகிற நொதியம் ஒன்று இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மாரடைப்பை உண்டாக்கிப் பார்த்தபோது இருதயம் குறைவாகவே சேதப்பட்டது. ஆனால் அதே வகை எலிகளுக்குக் கிருமி நச்சால் அதிர்ச்சி ஏற்படுத்தினால் கூடுதலாகச் செத்தன. துருசு எப்பவும் திறந்திருந்தாலும் வயல் அழியும்தானே.

எல்லாம் ஒத்துக்கொள்ளப்பட்ட கதையும் இல்லை. 1996இல் ஸ்டாம்லரின் குழு, ஈமோகுளோபினே தன் கந்தகத்தில் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுமந்து, ஒட்சிசன் குறைந்த இடத்தில் இறக்கி, அங்கே குழாயை விரிக்கிறது என்று எழுதியது. அழகான யோசனை. 2008இல் வேறொரு குழு அந்தக் குறிப்பிட்ட சிஸ்டீனையே மாற்றிய எலிகளை வளர்த்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் தெரியவில்லை என்றது. 2015இல் ஸ்டாம்லர் குழு அதே வகை எலிகளைக் கொண்டு, இல்லை, ஒட்சிசன் குறையும்போது குறை தெரிகிறது என்றது. ஒரே கல்வெட்டை இரண்டு பேராசிரியர்கள் வாசிக்கிறதைப் பார்த்த எங்களுக்கு இது புதுசில்லை.

தொழிலாளர்கள் எழுதி வைத்த இரண்டாவது விஷயத்துக்கு வருவோம். நடுவாரத்தில் தலையிடி ஏன் போனது? 2002இல் ஸ்டாம்லரின் குழு, நைத்திரோகிளிசரினை உடைத்து வேலை செய்ய வைப்பது இழைமணிக்குள் இருக்கிற ஒரு நொதியம் என்று கண்டது. மதுவைச் செரிக்க உதவுகிற அதே நொதியந்தான். தொடர்ந்து நைத்திரோகிளிசரின் வந்தால் அது களைத்து முடங்கிவிடுகிறது, முடங்குவதும் அதன் கந்தகக் கை கெடுவதால்தான். பிறகு 2007, 2008இல் நியூ ஜேர்சியில் ஆனி பெவ்வின் ஆய்வுகூடம் இன்னொரு பாதியைச் சொன்னது. முராட் கண்ட அதே நொதியம், நைத்திரிக் ஒட்சைட்டின் சத்தத்தைக் கேட்கிற காது, அதன் கந்தகத்தில் சீட்டு ஒட்டினால் மந்தமாகிவிடுகிறது. இரும்பில் ஒட்டினால் எழும்பும், கந்தகத்தில் ஒட்டினால் செவிடாகும். நைத்திரோகிளிசரின் கூடக்கூட இந்தச் சீட்டும் கூடும். உடம்பு பழகிப்போவதற்குக் காரணங்கள் இன்னும் உண்டு, ஆனால் இது அதில் ஒரு முக்கியமான பங்கு. திங்கள் கேட்ட காது வியாழன் கேட்காது. சனி ஞாயிறு சீட்டுகள் கழன்று, காது திரும்பக் கேட்கத் தொடங்கும்போது அடுத்த திங்கள் வந்துவிடும்.

இந்த அறிவு வருமுன்னமே வைத்தியர்கள் தொழிலாளர்களின் ஓய்வுநாளை மருந்துச் சீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நைத்திரேற்று வகைக் குளிசைகளைத் தினமும் போடுகிறவர்களின் கிளினிக் கொப்பியைப் பாருங்கோ. ஐசோசோர்பைட் என்று எழுதியிருந்தால், அநேகமாகக் காலையும் மத்தியானமும் போடச் சொல்லி இருக்கும், இரவு இராது. பலர் அதைப் பார்த்துவிட்டு, மூன்று வேளை போட்டால் இன்னும் நல்லதுதானே என்று தாங்களாகவே இரவும் ஒன்று போடுவதுண்டு. கூடாது. அந்தப் பத்துப் பன்னிரண்டு மணித்தியால இடைவெளி மறதியால் விட்டதில்லை. காது திரும்பக் கேட்க விட்ட நேரம் அது. அதேபோல, தலை இடிக்குது எண்டு சொல்லிக் கேட்காமல் குளிசையைத் திடீரென்று நிற்பாட்டவும் கூடாது, ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலியை மறந்துவிடாதேங்கோ. எதை மாற்றுவதென்றாலும் கிளினிக்கில் கேட்டுத்தான்.

கீரைக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. முளைக்கீரை, பீற்றூட் போன்றவற்றில் நைத்திரேற்று நிறைய. அது இரத்தத்தில் சேர்ந்து, எச்சிலில் திரும்பி வந்து, நாக்கின் பின்பக்கத்தில் குடியிருக்கிற பற்றீரியாக்களால் நைத்திரைற்றாகி, விழுங்கப்பட்டு, கடைசியில் நைத்திரிக் ஒட்சைட்டாகிறது. 2008இல் லண்டனில் ஆரோக்கியமான ஆட்களுக்கு அரை லீற்றர் பீற்றூட் சாறு கொடுத்தபோது சில மணித்தியாலத்தில் இரத்த அழுத்தம் குறைந்தது. எச்சிலை விழுங்காமல் துப்பச் சொன்னபோது குறையவில்லை. துன்ஹுவாங் சுவடி எச்சிலை விழுங்கச் சொன்னது நினைவிருக்கும்.

அந்த மண்ணிறப் போத்தல் பற்றி இரண்டொரு விஷயம். நைத்திரோகிளிசரின் ஆவியாகிற பொருள், பிளாஸ்திக்குக்குள் ஊறியும் போய்விடும். கடதாசி உறையிலோ பிளாஸ்திக் டப்பாவிலோ மாற்றி வைத்தால், மன்னார் வெயிலுக்குக் கொஞ்ச நாளில் வெறும் மாத்திரைதான் மிஞ்சும். கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடி, வெயில் படாமல் வைக்கவேண்டும். திறந்து எட்டுக் கிழமைக்குப் பிறகு புதுசு வாங்குவது நல்லது. போடும்போது இருந்துகொண்டு போடவேண்டும், நின்றுகொண்டு போட்டால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றி விழ இடமுண்டு. வயாகரா வகைக் குளிசை எடுத்தவர் இதைத் தொடவே கூடாது. இரண்டும் ஒரே பாதையில் போய் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், வெட்கத்தில் வைத்தியரிடம் மறைக்கிற விஷயம் இல்லை இது. ஒன்று போட்டு ஐந்து நிமிடத்தில் நெஞ்சுவலி போகாவிட்டால் 1990க்கு அழைக்கவேண்டும். குளிசை போட்டதும் தலை இடித்தால், மருந்து செத்துப்போகவில்லை என்று அர்த்தம்.